மாற்றியும் மாறாதது ஏன்?

இவ்வாரம் வாசகர் கடிதம் ஒன்றையே பொருளாக எடுத்துக்கொள்கின்றோம். வடமராட்சியிலிருந்து தாயார் ஒருவர் எழுதியது அது.

“மாஸ்ரர், என் மகன் உயர்தர வகுப்பிலே தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் படிக்கிறான். கனடாவிலிருக்கும் தாய்மாமன் அனுப்பிய காசில் மடிக்கணினி வாங்கிக் கொடுத்தோம். பைதன் என்ற ஒன்றை அதில் ஏற்றிவிட்டு, வகுப்பிலே தந்த குறிப்பின்படி ஏதோ ஓர் அமைப்பை மாற்றினான். மாற்றியது மாற்றியபடியே இருக்கிறது; கணினியோ பைதன் என்று ஒன்றைத் தனக்குத் தெரியாது என்கிறது. மூன்று நாளாகப் பிள்ளைக்குச் சோறு இறங்கவில்லை. எனக்கு இந்தப் பாடம் சரிவராது, விடப்போகிறேன் என்கிறான். கடையில் காட்டினோம், எல்லாவற்றையும் துடைத்துவிட்டு மீள ஏற்ற வேண்டுமாம். அவனுடைய தகப்பனார் இருந்த காலத்தில் எடுத்த படங்களெல்லாம் அதற்குள்தான் கிடக்கின்றன. கொடுக்கவா, வேண்டாமா?”

கொடுக்க வேண்டாம், அம்மா. படங்களை வேறொரு தட்டிலே பிரதி செய்து வைப்பது எக்காலத்துக்கும் நன்று; அதை இன்றே செய்க. ஆயின் இந்த நோய்க்காகக் கணினியைத் துடைப்பது, செருப்புக் கடித்ததற்காகக் காலை வெட்டுவதை ஒக்கும். தங்கள் மகன் செய்த மாற்றம் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அம்மாற்றத்தை அறிந்தவர் யார், அறியாதவர் யார் என்பதைக் கண்டுகொள்ளாமையே அவருடைய இடர். அவர் மட்டுமல்லர், இத்தொழிலிலே பல்லாண்டு பழகியோரும் இவ்விடத்திலே இடறி விழக் கண்டிருக்கின்றோம்.

கணினியில் ஒரு செய்நிரல் ஓடத் தொடங்கும்போது அதற்குச் சில செய்திகள் தெரிந்திருத்தல் வேண்டும். தற்காலிகக் கோப்புக்களை எங்கே இடுவது, பயனரின் பெயர் யாது, வேறொரு செய்நிரலை அழைக்க நேர்ந்தால் அதனை எந்தெந்தக் கோப்புறைகளிலே தேடுவது என்பன போன்றவை. இவற்றைப் பெயரும் பெறுமதியுமாக எழுதிய சிறு பட்டியலொன்று ஒவ்வொரு செய்நிரலின் கையிலும் கொடுத்து அனுப்பப்படுகின்றது. அப்பட்டியலுக்குச் சூழல் என்றும், அதிலுள்ள ஒவ்வொரு பெயருக்கும் சூழல் மாறி என்றும் கூறுவர். அவற்றுள் யாவரும் அறிந்தது ‘பாத்’ என்பது. வழி என்பது அதன் பொருள். கட்டளைச் சாளரத்திலே பைதன் என்று தட்டினால், பாத்திலே எழுதியுள்ள கோப்புறைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பார்க்கப்படும். அப்பெயருடைய செய்நிரல் முதன்முதல் எங்கே அகப்படுகின்றதோ அங்கே தேடல் நின்றுவிடும். ஒன்றிலும் அகப்படாவிடின், அப்படி ஒரு கட்டளையை அறியேன் என்று கணினி கைவிரிக்கும். மாணவர் கண்டு கலங்கியது அவ்விடையைத்தான்.

எமது தொழிலுக்குரிய உவமை ஒன்று கூறலாம். அதிபரின் அலுவலகச் சுவரிலே நேரசூசி தொங்குகின்றது. காலையில் வரும் ஆசிரியர் ஒவ்வொருவரும் அதனைத் தத்தம் நாட்குறிப்பிலே பிரதி செய்துகொண்டு வகுப்புக்குச் செல்கின்றனர். பத்து மணிக்கு அதிபர் சுவரிலுள்ளதைத் திருத்துகின்றார். வகுப்பிலே நிற்பவரின் நாட்குறிப்பில் எழுத்துத் தானாக மாறுமோ? அவர் பழைய பிரதியின்படியே அடுத்த பாடத்துக்குப் போவார். இன்னும் ஒன்று: அவ்வாசிரியர், அன்றுதான் கடமையேற்ற பயிலுநர் ஒருவரை அழைத்து, “இதைப் பார்த்து எழுதிக்கொள்ளும்” என்று தம் நாட்குறிப்பைக் கொடுக்கின்றார் என்க. பயிலுநர் வந்தது திருத்தத்துக்குப் பின்னர்தான். ஆயினும் அவர் கையிற் சேர்ந்தது பழைய நேரசூசி.

கணினியிலும் இதுவே நடைமுறை. ஒரு செய்நிரலைத் தொடக்கிவைப்பது பிறிதொரு செய்நிரல். தொடக்கிவைப்பதைத் தாய் என்றும் தொடங்கப்பட்டதைச் சேய் என்றும் வைத்துக்கொள்வோம். தாயிடமுள்ள பட்டியலின் பிரதி சேய்க்குப் பிறக்கும்போதே வாய்க்கின்றது. அதன்பின் தாய் தன்னுடையதை மாற்றினாலும் சேயினுடையது மாறாது. சேய் மாற்றினாலும் தாய்க்கு எட்டாது. இவ்வேற்பாடு இன்று நேற்று வந்ததன்று. அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்திலிருந்து 1979 ஆம் ஆண்டில் வெளிவந்த யுனிக்ஸ் ஏழாம் பதிப்பிலேயே சூழல் இவ்வாறு வழிவழியாகக் கையளிக்கப்பட்டது. 1983 இல் எம். எஸ். டொஸ் இரண்டாம் பதிப்பும் சூழல் மாறிகளை ஏற்றுக்கொண்டது. விண்டோஸ் இன்றும் அவ்வழியே ஒழுகுகின்றது.

இதனை ஒரு குறைபாடென்று சலித்துக்கொள்வாரும் உளர். எமக்கு அவ்வாறு தோன்றவில்லை. ஓடிக்கொண்டிருக்கும் செய்நிரலின் காலடி நிலம் இடைநடுவில் நகர்வதில்லை என்பது பெரிய உறுதிப்பாடு. ஒரு சாளரத்திலே பழைய பைதனையும் மறு சாளரத்திலே புதிய பைதனையும் வைத்து ஒரே நேரத்தில் ஒப்புநோக்க முடிவதும் ஒவ்வொன்றும் தன் பிரதியைத் தானே வைத்திருப்பதனாலன்றோ?

நிற்க. விண்டோஸிலே அதிபரின் சுவர் எது? பதிவகம் எனப்படும் களஞ்சியமே அது. அங்கே இரண்டு நேரசூசிகள் உள. ஒன்று கணினி முழுமைக்கும் பொது. மற்றது பயனர் ஒவ்வொருவருக்கும் தனித்தனி. ஒரே பெயர் இரண்டிலும் இருந்தால் பயனருடையதே செல்லும். பாத் மட்டும் விதிவிலக்கு: பொதுவிலுள்ளது முன்னும் பயனருடையது பின்னுமாக இரண்டும் ஒட்டப்படும். இவ்விதிவிலக்கை மனத்திற் கொள்க, பின்னர் வேண்டியிருக்கும்.

சூழல் மாறிகளைத் திருத்தும் பெட்டியிலே ‘ஓகே’ என்பதை அழுத்தியதும் பதிவகத்தில் எழுத்து மாறுகின்றது. பெருக்கல் அடையாளத்தை அழுத்தி மூடினால் எதுவும் எழுதப்படுவதில்லை. இதனாலேயே பாதி நாளை இழந்தவர்களும் உளர். எழுதப்பட்ட பின், அமைப்பு மாறிற்று என்று ஒரு மணி அடிக்கப்படுகின்றது. அம்மணியைக் கேட்டு எழுந்து சென்று சுவரைப் பார்ப்பவை மிகச் சிலவே. தொடக்கப் பட்டியையும் கோப்புறைச் சாளரங்களையும் நடத்தும் எக்ஸ்புளோரர் அவற்றுள் ஒன்று. ஏலவே திறந்து கிடக்கும் கட்டளைச் சாளரமோ மணியைப் பொருட்படுத்துவதேயில்லை. ஆகவே அதனை மூடிவிட்டு, தொடக்கப் பட்டியிலிருந்து புதிதாக ஒன்றைத் திறத்தல் வேண்டும். பெரும்பான்மையான முறைப்பாடுகள் இத்துடன் தீர்ந்துபோம்.

தீராதவற்றுள் முதன்மையானது பயிலுநர் ஆசிரியரின் கதை. மாணவர் பலர் விசுவல் ஸ்ரூடியோ கோட் போன்ற எழுதுகருவி ஒன்றைத் திறந்துவைத்து, அதன் அடிப்பாகத்திலுள்ள முனையத்திலே கட்டளைகளைத் தட்டுகின்றனர். “மூடித் திறந்து பார்த்துவிட்டேன், அப்போதும் இல்லை” என்று அவர்கள் கூறுவது பொய்யன்று. அவர்கள் மூடித் திறந்தது முனையத்தை மட்டுமே. புதிய முனையம் எழுதுகருவியின் சேய். எழுதுகருவியோ காலையிலிருந்து திறந்திருப்பது. அக்கருவியின் சாளரங்கள் அனைத்தையும் மூடித் தொடக்கப் பட்டியிலிருந்து மீளத் திறந்தாலன்றிப் புதிய பட்டியல் கிட்டாது. வடமராட்சித் தம்பியின் மூன்று நாளும் இவ்வாறே கழிந்திருக்கும் என்பது எமது ஊகம்.

ஊகம் போதாது, சோதித்து அறிதல் வேண்டும். தம்பி, கட்டளைச் சாளரத்திலே எக்கோ என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு, பாத் என்னும் பெயரை இருபுறமும் நூற்றுவீதக் குறியிட்டு எழுதி அழுத்தும். அச்சாளரத்தின் கையிலுள்ள பட்டியல் தெரியும். பதிவகத்தில் எழுதியிருப்பதைப் பெட்டியிலே பாரும். இரண்டும் வேறுபட்டால், பிரதி பழையது. தாயைத் தேடிப் பிடித்து மூடும். இரண்டும் ஒன்றாயின் தவறு எழுத்திலே உள்ளது. இவ்வொரு சோதனை, காரணங்களை இரண்டாகப் பிரித்துப் பாதியைக் கழித்துவிடுகின்றது. ஆனால் ஓர் எச்சரிக்கை. விண்டோஸ் 11 இலே முனையத்தைத் திறந்தால் பெரும்பாலும் வருவது பவர்ஷெல். அங்கே நூற்றுவீதக் குறிகளுக்குப் பொருளில்லை. நீர் தட்டிய எழுத்துக்களையே திருப்பிக் காட்டும். மாறி அழிந்துபோயிற்று என்று நடுங்க வேண்டாம். பவர்ஷெல்லிலே டொலர் குறி, அதையடுத்து ஈ, என், வீ என்னும் மூன்று எழுத்துக்கள், முக்காற்புள்ளி, பாத் என்று இடைவெளியின்றி எழுதுதல் வேண்டும்.

எழுத்திலே தவறென்றால் எவ்வகைத் தவறு? செய்நிரல் இருக்கும் கோப்புறையைச் சேர்ப்பதற்குப் பதிலாகச் செய்நிரலையே சேர்த்திருக்கலாம். பாத் கோப்புறைகளின் பட்டியலாதலால் அது பயன்படாது. அரைப்புள்ளி விடுபட்டு இரண்டு கோப்புறைகள் ஒட்டிக்கொண்டிருக்கலாம். கட்டளையாக எழுதியவர் சமன் குறிக்கு முன்னர் இடைவெளி விட்டிருந்தால், விண்டோஸ் அவ்விடைவெளியையும் பெயரின் ஓர் எழுத்தாகக் கொண்டு புதியதொரு மாறியைப் படைத்துவிடும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். வெற்றிடத்தைக் கண்ணாற் காண முடியாதன்றோ?

பைதனுக்கே உரிய வில்லங்கம் வேறொன்றுண்டு. 2019 ஆம் ஆண்டின் விண்டோஸ் 10 திருத்தத்திலிருந்து, பைதன் என்னும் பெயரிலே ஒரு போலிச் செய்நிரலை மைக்ரோசொப்ட் வைத்திருக்கின்றது. அதைத் தட்டினால் பைதன் ஓடாது; மைக்ரோசொப்ட் ஸ்ரோர் என்னும் மென்பொருட் கடை திறக்கும். பைதன் இல்லாதவர்க்கு வழிகாட்டவே அது வைக்கப்பட்டது. ஆயினும், பாத்தின் அடியிலே தம் கோப்புறையைச் சேர்த்தவர்க்கு அது வாசலிலே படுத்த நாய். முதலில் அகப்பட்டதோடு தேடல் நின்றுவிடும் என்று முன்னர் கூறினோமல்லவா? போலி முன்னே நிற்பதால் உண்மை எட்டப்படுவதில்லை. வெயர் என்னும் கட்டளையோடு பைதன் என்று சேர்த்துத் தட்டினால், அப்பெயருடையவை எங்கெங்கே உள என்பது வரிசையாகத் தோன்றும். முதல் வரியே ஓடுவது. (பவர்ஷெல்லிலே வெயர் என்பதற்கு வேறு பொருள் உண்டு, புள்ளியும் ஈ, எக்ஸ், ஈ என்னும் எழுத்துக்களும் சேர்த்து எழுதுக.) பெட்டியிலே தம் கோப்புறையை மேலே நகர்த்தினால் அல்லது அமைப்புக்களிலே அப்போலியை அணைத்துவிட்டால் வழி திறக்கும். பொதுப் பாத்திலே பழைய பைதன் ஒன்று இருந்தால், பயனர் பாத்திலே எவ்வளவு மேலே நகர்த்தியும் பயனில்லை; பொதுவே முன்னிற்கும்.

இனி, இக்கட்டுரையில் எல்லாவற்றிலும் கவனமாக வாசிக்க வேண்டிய பகுதிக்கு வருகின்றோம். செட் என்றும் செட்எக்ஸ் என்றும் இரண்டு கட்டளைகள் உள. செட் என்பது அச்சாளரத்தின் பிரதியை மட்டும் மாற்றும். சாளரத்தை மூடினால் மாற்றமும் மறையும். செட்எக்ஸ் சுவரிலே எழுதும். எழுதிய சாளரத்தின் பிரதியையோ தொடாது. முன்னதை இட்டவர், நேற்றிருந்தது இன்றில்லை என்பார். பின்னதை இட்டவர், இட்டும் காணோம் என்பார். இவ்வளவும் சிறு தொல்லைகள். பெருந்தீங்கு, பாத்தின் பழைய பெறுமதியோடு புதிய கோப்புறையை ஒட்டிச் செட்எக்ஸ் இடுவதனால் வருவது. அக்கட்டளை 1024 எழுத்துக்களுக்கு மேற்பட்டதை வெட்டி எறிந்துவிட்டு எஞ்சியதையே எழுதும். வெட்டினேன் என்று ஒரு வரி எச்சரிக்கை வரும். அவசரத்திலே அதை யார் வாசிக்கின்றார்? பல மென்பொருள்களை நிறுவிய கணினியிலே பாத் 1024 எழுத்தைத் தாண்டுவது அரிதன்று. பொதுப் பாத்தையே இவ்வாறு வெட்டிவிட்டால், அதுவரை நன்றாக ஓடியவையும் நாளை ஓடா. அதன் பின்னர்தான் மாணவர் கடையை நாடுகின்றார். கடையிலும் துடைப்போம் என்கின்றார்கள்.

அந்நிலையிலும் மருந்துண்டு. செட்எக்ஸ் இட்ட சாளரத்தை மூடாதிருந்தால், அதன் கையிலே பழைய பிரதி முழுமையாக இருக்கும். இதுவரை எம்மை வருத்திய அதே பிடிவாதம் இங்கே கைகொடுக்கின்றது. உடனே எக்கோவினால் பாத்தை வெளிப்படுத்தி, அதனை ஒரு கோப்பிலே பிரதி செய்துகொள்க. பொதுவும் பயனரும் அதிலே கலந்திருக்கும்; இருந்து பொறுமையாகப் பிரித்துப் பெட்டியிலே மீள எழுதலாம். கணினியை மீளத் தொடக்கிவிட்டாலோ அவ்வாய்ப்பும் போயிற்று. எதுவும் சரிவராவிடின் அணைத்துப் போடு என்னும் பழக்கம் இவ்வொரு நேரத்திலே கேடு விளைக்கும். பாத்தைத் திருத்துமுன் பழையதை ஒரு கோப்பிலே எழுதிவைப்பவர்க்கு இக்கவலை இல்லை. கட்டளையை விட்டுப் பெட்டியினூடே திருத்துவதே மாணவர்க்கு ஏற்றது.

அணைப்பதைப் பற்றிக் கூறப்புகுந்ததால் இதனையும் கூறிவிடுவோம். பின்னணியிலே ஓடும் சேவைகள், பொதுச் சுவரிலே செய்த மாற்றத்தைக் கணினி மீளத் தொடங்கும்வரை பெரும்பாலும் அறியா. அவற்றுக்காகக் கணினியை மீளத் தொடக்க நேரும்போது, அணைத்து மறுபடி ஏற்றுவதும் மீளத் தொடக்குவதும் ஒன்றென்று கருதற்க. 2012 இல் விண்டோஸ் 8 வெளிவந்ததிலிருந்து, விரைந்து தொடங்குவதற்காக, அணைக்கும்போது முறைமையின் உட்பகுதியை அப்படியே தட்டிலே எழுதிவைத்துப் பின்னர் எடுத்துக்கொள்ளும் வழக்கம் உண்டு. ‘றீஸ்ராட்’ என்பதைத் தெரிந்தால் அவ்வாறு செய்வதில்லை. மடிக்கணினியின் மூடியைச் சாத்தித் திறப்பதையோ தொடக்கம் என்றே சொல்ல முடியாது, அது உறக்கம்.

லினக்ஸ் பயில்வோரிடமிருந்தும் இதே முறைப்பாடு வருவதுண்டு. சூழல் மாறியை மாற்றும் வரிகளை ஒரு கோப்பிலே எழுதி அக்கோப்பை ஓட்டுகின்றனர். ஓடி முடிந்ததும் மாற்றத்தைக் காணோம். ஓட்டப்பட்ட கோப்பு ஒரு சேய். தன் பட்டியலை மாற்றிக்கொண்டு இறந்துபோயிற்று. தாய்க்கு அச்செய்தி எட்டவில்லை. கோப்பின் பெயருக்கு முன் ஒரு புள்ளியும் இடைவெளியும் இட்டால், சேயைப் பெறாமல் தாயே அவ்வரிகளை வாசித்து நடக்கும். சுடோ என்னும் கட்டளை, பாதுகாப்பின் பொருட்டுப் பட்டியலின் பெரும்பகுதியைக் களைந்துவிட்டே மேலதிகாரியின் பெயரால் ஒன்றை ஓட்டும். ஆதலால் உம்முடைய மாறி அங்கே இல்லாதிருப்பதில் வியப்பில்லை. ஆப்பிள் மக் கணினி வைத்திருப்போர், 2019 இல் வந்த கற்றலினா பதிப்பிலிருந்து புதிய பயனர்க்கு வழக்கமான ஓடு பாஷ் அன்று, சீ-ஷெல் குடும்பப் பெயர்போல ஒலிக்கும் ‘சட்-ஷெல்’ என்பதை நினைவிற் கொள்க. பழைய குறிப்பேட்டைப் பார்த்துப் பாஷுக்குரிய கோப்பிலே எழுதுபவர், யாரும் வாசிக்காத சுவரிலே எழுதுகின்றார்.

குறித்த நேரத்திலே வேலைகளைத் தானாக ஓட்டும் கிரொன் என்பதும் இவ்வகையினதே. அது நீர் உள்நுழைந்து திறந்த சாளரத்தின் சேயன்று. ஆகவே மிகச் சில கோப்புறைகளே உள்ள பாத்தோடு வேலையைத் தொடங்கும். கையால் ஓட்டும்போது ஓடுவது இரவிலே ஓடாதிருப்பின், செய்நிரலின் பெயரை மட்டும் எழுதாமல், அது இருக்கும் முழு வழியையும் அவ்வரியிலேயே எழுதிவிடுக.